இரண்டாவது ப்ராசஸர் சும்மா இருந்த மூன்று நாட்கள்

1. மிஷின் வந்தது

புது மிஷின் ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. பழைய மிஷின்கள் ஆறில் ஐந்து அதே வண்டியில் திரும்பிப் போயின. எக்ஸ்சேஞ்ச். மீதி ஒன்றை ரிசப்ஷனில் வைத்துக்கொண்டோம்.

ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில், மெடிக்கல் ஷாப்புக்கு மேல்மாடியில் எங்கள் ஸ்டூடியோ இருக்கிறது. இன்னும் கட்டாத அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கட்டி முடித்தது போலக் கம்ப்யூட்டரில் படம் எடுத்துத் தருவது எங்கள் தொழில். பில்டர்கள் அந்தப் படத்தைத் திரையில் ஓட்டிக் காட்டி வீடு விற்பார்கள். நாங்கள் படம் எடுத்த கட்டடங்களில் பலவற்றைப் பிறகு கட்டியும் இருக்கிறார்கள்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். ஏசி மெக்கானிக் ஒருவரிடம் உதவியாளாக இருந்தேன். இங்கே ஏசி சர்வீஸுக்கு வந்தபோது ரெண்டர் அறை மிஷின்களின் பின்பக்கம் தூசி கனமாக அடைந்திருந்தது. யாரும் சொல்லாமலே துடைத்துவிட்டேன். முதலாளி ஜெபராஜ் சார் பார்த்துவிட்டு, "மாசம் ஒருவாட்டி வர்றதுக்குப் பதிலா தினமும் வந்துடுப்பா" என்றார். நான் தலையாட்டினேன். பதினொரு வருடம் ஆகிறது.

ரெண்டர் என்றால் என்ன என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். டிசைனர்கள் கட்டடத்தைக் கோடும் வடிவமுமாகச் செய்து தருவார்கள்; அதைச் சீன் என்போம். வெயில் எங்கே விழும், கண்ணாடியில் எது தெரியும், தண்ணீரில் நிழல் எப்படி ஆடும் என்று கணக்குப் போட்டு மிஷின் அதை முழுப் படமாக்கும். அப்படி ஒரு படத்துக்கு ஃப்ரேம் என்று பெயர். ஒரு விநாடி ஓட இருபத்தைந்து ஃப்ரேம் வேண்டும். மிஷின் சூடாகாமல் பார்ப்பது, யூபிஎஸ்ஸைக் கவனிப்பது, விட்டுப்போன ஃப்ரேமை மறுபடி ஓடவிடுவது எல்லாம் என் வேலை.

புது மிஷினில் இரண்டு ப்ராசஸர். ஒவ்வொன்றுக்குள்ளும் முப்பத்திரண்டு கோர். ஒரு கோர் இரண்டு ஆள் கணக்கில் வேலை செய்யும் என்று கொண்டுவந்தவர் சொன்னார். டாஸ்க் மேனேஜர் என்ற திரையைத் திறந்தால் ஆளுக்கு ஒன்றாக நூற்றிருபத்தெட்டுக் கட்டங்கள் தெரியும். வேலை ஏற ஏறக் கட்டம் அடியிலிருந்து நிறம் ஏறி நிரம்பும். பழைய மிஷினில் இந்தக் கட்டங்கள் பதினாறுதான்.

ஜெபராஜ் சாரின் சர்ச்சிலிருந்து போதகர் வந்து மிஷின் முன்னால் ஜெபம் செய்தார். மிஷினைப் பொருத்த வந்தவர் தன் பங்குக்கு அதன் மேல் எலுமிச்சம்பழம் வைத்து, சந்தனப் பொட்டும் வைத்தார். காற்று உள்ளே போகிற ஓட்டையில் வைத்ததால் பொட்டை மட்டும் நான் அழித்தேன். எங்கள் ரெண்டர் சாஃப்ட்வேர் இவ்வளவு ப்ராசஸரையும் பயன்படுத்துமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஆறு மிஷினுக்கு ஓர் ஆள் சரி. ஒரு மிஷினுக்கு ஓர் ஆள் எதற்கு? அதையும் யாரும் கேட்கவில்லை. நான் மட்டும் மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

2. மணிக்கு எட்டு

திங்கட்கிழமை காலை புது மிஷினில் முதல் வேலை ஏறியது. மேடவாக்கம் பக்கம் பதினாறு மாடிக் குடியிருப்பு ஒன்றின் படம். கேட்டிலிருந்து ஆரம்பித்து, மரங்களுக்கு நடுவே பறந்து, நீச்சல் குளத்தைச் சுற்றி, மொட்டை மாடியில் முடியும். எழுபத்திரண்டு விநாடி. ஆயிரத்தெண்ணூறு ஃப்ரேம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பில்டர் ஷாமியானா போட்டு, ஊரைக் கூட்டி, படத்தைக் காட்டி புக்கிங் தொடங்குகிறார். சனிக்கிழமை மாலைக்குள் எல்லா ஃப்ரேமும் கையில் இருக்க வேண்டும்.

படத்தைச் செய்தவர் பியூலா. அஸ்தினாபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். இங்கே சேர்வதற்கு முன் சிறுசேரியில் ஒரு பெரிய கம்பெனியில் இருந்தார். அங்கே அவருடைய டீம் மொத்தத்தையும் ஒரே மெயிலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு ஒரு வருடம் வேலை இல்லை. எங்களிடம் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தனியாக அவர் பொறுப்பில் விட்ட முதல் படம் இதுதான்.

பழைய ஆறு மிஷினும் சேர்ந்து இந்த மாதிரிப் படத்தில் மணிக்குப் பதினைந்து ஃப்ரேம் தரும். புது மிஷின் இருபதுக்குக் குறையாமல் தரும் என்று சொல்லியிருந்தார்கள். நான் நோட்டில் ஒவ்வொரு ஃப்ரேமும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் எழுதுவேன். முதல் ஒரு மணி நேரத்தில் எட்டு ஃப்ரேம் வந்தது. அடுத்த மணி நேரத்திலும் எட்டு. இப்படியே போனால் ஆயிரத்தெண்ணூறு ஃப்ரேமுக்கு ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். எங்களிடம் இருந்தது ஆறு நாள்.

ஒரு ஃப்ரேம் உருவாவதை உட்கார்ந்து பார்த்தால் ஒரு விஷயம் புரியும். முதல் ஒரு நிமிடம் திரையில் படம் எதுவும் வராது. கட்டடம், மரம், கல், கண்ணாடி எல்லாவற்றையும் மிஷின் உள்ளே எடுத்து அடுக்கும். அந்த நேரத்தில் ஒரே ஒரு கட்டம் மட்டும் நிரம்பியிருக்கும். மற்றவை வேடிக்கை பார்க்கும். அடுக்கி முடித்த பிறகுதான் எல்லாக் கட்டங்களும் ஏறும். படத்தைச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்வார்கள். அந்தச் சதுரத்துக்குப் பக்கெட் என்று பெயர். கடைசியில் எல்லோரும் முடித்திருப்பார்கள், நீச்சல் குளத்தின் கண்ணாடித் தடுப்பு விழுந்த பக்கெட் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அது முடிகிறவரை மறுபடி எல்லோரும் வேடிக்கை. அதனால் ப்ராசஸர் எட்டு மடங்கு கூடினால் நேரம் எட்டில் ஒன்றாகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் மணிக்கு எட்டு என்பது அதையும் விட மோசம்.

3. சாக்ஸ்

அன்று காலையிலிருந்தே மழை. எங்கள் ஜங்ஷனில் மழை பெய்தால் தண்ணீர் எங்கும் போகாது. எல்லோரும் கணுக்கால் வரை நனைந்துதான் மாடி ஏறுவார்கள். எங்கள் ஸ்டூடியோவில் ஒரு வழக்கம் உண்டு. மழைக்காலத்தில் நனைந்த சாக்ஸ், கர்ச்சீப் எல்லாம் ரெண்டர் அறைக்கு வந்துவிடும். மிஷின்களின் பின்னால், சூடான காற்று வருகிற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, கொடி ஒன்று கட்டி வைத்திருக்கிறேன். க்ளிப் போட்டு மாட்டினால் இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். கஸ்டமர் வந்தால் இந்த அறையைக் காட்டுவதில்லை.

புது மிஷின் அகலமானது. பின்பக்கம் இரண்டு பெரிய ஃபேன், பக்கம் பக்கமாக. இடது ஃபேனுக்கு நேர் முன்னால் ஒரு ப்ராசஸர், வலது ஃபேனுக்கு முன்னால் இன்னொன்று. திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு சாக்ஸை எடுக்கப் போனேன். இடது பக்கம் மாட்டியவை மொறமொறவென்று இருந்தன. வலது பக்கம் மாட்டியவை, காலையில் எப்படி மாட்டினேனோ அப்படியே இருந்தன.

கையை வைத்துப் பார்த்தேன். இடது ஃபேனில் அடுப்புப் பக்கத்துக் காற்று. வலது ஃபேனில் அறையின் ஏசிக் காற்று, வந்தபடியே வெளியே போய்க்கொண்டிருந்தது. ஏசி வேலையில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். வெளியே வருகிற காற்றில் சூடு இல்லையென்றால் உள்ளே வேலை நடக்கவில்லை.

திரைக்கு வந்து கட்டங்களை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினேன். அறுபத்து நான்கு நிரம்பியிருந்தன. அறுபத்து நான்கு காலி. மூன்று ஃப்ரேம் முடியும் வரை நின்று பார்த்தேன். காலியாக இருந்தவை ஒரு முறைகூட அசையவில்லை.

அப்போது மணி பன்னிரண்டரை. இந்த நேரத்தை நினைவில் வைத்திருக்கிறேன்.

4. புது வண்டியை முறுக்கக் கூடாது

அன்றே சொல்லியிருக்க வேண்டும். ஜெபராஜ் சார் அறைக்குப் போனேன். அவர் போனில் இருந்தார். என்னைப் பார்த்ததும் போனைக் கையால் மூடி, "என்னப்பா, டீயா?" என்றார். நான் தலையாட்டினேன். கீழே போய் டீ வாங்கிக்கொண்டு வந்தேன்.

எனக்குப் பேச்சு வராது என்றில்லை. கேட்டால் பதில் சொல்வேன். கேட்காமல் ஆரம்பிக்கத்தான் வராது. அதிலும் அவர் அந்த மிஷினைப் பார்த்துப் பார்த்து வாங்கியவர். பாதி வேலை செய்யவில்லை என்று ஐந்தாம் வகுப்புக்காரன் போய்ச் சொல்வதா? நான் எண்ணியது தப்பாக இருந்தால்? ஒரு மிஷினுக்கு ஓர் ஆள் எதற்கு என்ற கேள்வியும் அப்போது நினைவுக்கு வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஜெபராஜ் சாரே ரெண்டர் அறைக்கு வந்தார். பியூலாவும் கூட வந்தார். சார் திரையைப் பார்த்தார். கட்டங்களை அவர் பார்க்கவில்லை. மேலே மொத்தமாக ஒரு நம்பர் காட்டும், அதைப் பார்த்தார். ஐம்பது சதவீதம்.

"பாரு, அம்பதுல ஓடுது. இவ்ளோ பெரிய சீனைப் போட்டும் பாதி சக்தி மிச்சம் இருக்கு. மிஷின்னா இதும்மா" என்றார்.

"சார், நூறு காட்டணும் சார். சிறுசேரில எங்க மிஷின்ல எல்லாம் ரெண்டர் போட்டா நூறுதான் காட்டும்" என்றார் பியூலா.

"அது பழக்கப்பட்ட மிஷின். இது வந்து மூணு நாள் ஆகுது. புது பைக் எடுத்தா முதல் சர்வீஸ் வரைக்கும் அம்பதுக்கு மேல முறுக்குவியா?"

"சார், கம்ப்யூட்டருக்கு அப்படி ஒண்ணும் இல்ல சார்."

"எல்லா இன்ஜினுக்கும் உண்டு."

ஜெபராஜ் சார் இளமையில் புல்லட் வைத்திருந்தவர். அதை வாங்கிய புதிதில், ரன்னிங்-இன் முடிகிற வரை ஐம்பதுக்கு மேல் ஓட்டாமல் தாம்பரத்திலிருந்து திண்டிவனம் போய் வந்த கதையை எங்கள் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். என்னிடம் இரண்டு முறை.

பிறகு மிஷின் விற்ற கடைக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எல்லோருக்கும் கேட்டது. கடைக்காரர், "சார், மிஷின்ல ஒரு கம்ப்ளைன்ட்டும் வராது. சீனை யார் பண்ணாங்க? ஹெவியா பண்ணிருப்பாங்க. அதை லைட் பண்ணச் சொல்லுங்க, பறக்கும்" என்றார். அவர் சீனைப் பார்க்கவில்லை. மிஷினையும் சனிக்கிழமைக்குப் பிறகு பார்க்கவில்லை.

ஜெபராஜ் சார் போனை வைத்துவிட்டு பியூலாவைப் பார்த்தார்.

"எத்தனை மரம் போட்டிருக்க?"

"பில்டர் கேட்டது சார். இருநூறு."

"இருநூறு மரம் மேடவாக்கத்துல எங்கம்மா இருக்கு? எடு. எடுத்துட்டு ஓட்டு."

"எடுத்தாலும் அம்பதுதான் சார் காட்டும்."

"பியூலா, நான் கெட்டவன் இல்ல. ஆனா சனிக்கிழமை சாயங்காலம் படம் என் கைல இல்லைன்னா திங்கட்கிழமை நீ வர வேண்டாம். இந்த ஒரு பில்டரை நம்பித்தான் மிஷினே வாங்கினேன்."

சார் கீழே இறங்கிப் போன பிறகு பியூலா பாத்ரூமுக்குப் போனார். வெகுநேரம் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நான் திரைக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். அறுபத்து நான்கு கட்டங்கள் எனக்கு நேராகக் காலியாக இருந்தன.

பிற்பகலில் மரங்களை எடுத்துவிட்டு ஒரே ஒரு ஃப்ரேம் ஓட்டிப் பார்த்தார். ஒரு நிமிடம் குறைந்தது. சதவீதம் ஐம்பதுதான்.

மாலையில் ஒரு காகிதத்தில் "வலது பக்கம் சூடு இல்லை" என்று எழுதி மிஷின் மேல் ஒட்டினேன். ஜெபராஜ் சார் போகிற வழியில் படித்தார். "நல்லதுதானேப்பா, ஏசியை ரெண்டு பாயின்ட் கம்மி பண்ணு, கரண்ட் மிச்சம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஏசியைக் கம்மி செய்தேன்.

5. பில்டர் வந்த நாள்

புதன்கிழமை காலை சார் நனைந்து வந்து, எப்போதும் போல சாக்ஸைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். நீலக் கலர் சாக்ஸ். மற்றவர்களுடையதை எல்லாம் நான் ஏற்கெனவே இடது பக்கம் மாட்டியிருந்தேன். அங்கே இன்னும் இடம் இருந்தது. சாருடையதை எடுத்துப் போய் வலது பக்கம் மாட்டினேன்.

யோசித்துத்தான் செய்தேன். காயவில்லையென்றால் அவர் கேட்பார். கேட்டால் நான் சொல்வேன்.

பன்னிரண்டு மணி சுமாருக்கு பில்டர் ஏகாம்பரம் வந்தார். படத்தில் வருகிற இடமெல்லாம் முன்பு அவருடைய அப்பாவின் வயல். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு நேராக உள்ளே வந்தார். கஸ்டமருக்குக் காட்டக் கூடாத அறைக்கே வந்துவிட்டார். அங்கே திரையில் பியூலா நேற்று ஓட்டிய மரமில்லாத ஃப்ரேம் திறந்திருந்தது.

"இன்னா சார் இது, மொட்டையா கீது? மரம் எங்க?"

"சும்மா டெஸ்டுக்கு எடுத்துப் பார்த்தோம் சார்" என்றார் ஜெபராஜ் சார்.

"சைட்லதான் ஒரு மரம் இல்ல. படத்துலயாவது இருக்க வேணாவா? மரத்தைப் பாத்துட்டுதான் சார் பொம்பளைங்க ஓகே சொல்வாங்கோ."

"போட்டுடலாம் சார்."

"எம்மாம் முடிஞ்சிருக்கு?"

சார் என்னைப் பார்த்தார். நான் நோட்டைக் காட்டினேன். நானூற்றிச் சொச்சம்.

"ஆயிரத்தெட்நூறுல நானூறா? இன்னிக்கு புதன். ஞாயித்துக்கெழம எம்எல்ஏ வர்றாரு சார். நான் இன்னாத்த காட்டறது, நோட்டீஸா? எனக்கு பேஜார் பண்ணாத சார்."

"முடிச்சுடுவோம் சார். இந்தப் பொண்ணு சீனைக் கொஞ்சம் ஹெவியா பண்ணிடுச்சு."

பியூலா கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. கொடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏகாம்பரத்தை அந்த அறையிலிருந்து எப்படியாவது வெளியே கூட்டிப்போக வேண்டும் என்று சார் நினைத்திருக்க வேண்டும். "வாங்க சார், கீழ காபி சாப்பிட்டுப் பேசலாம்" என்றார். பிறகு என்னிடம் மெதுவாக, "சாக்ஸைக் குடுப்பா" என்றார். எடுத்துக் கொடுத்தேன். வாங்கியவர் கையை உதறினார்.

"என்னப்பா இது, பிழியலாம் போல இருக்கு? அவனவன் சாக்ஸ் எல்லாம் காஞ்சிருக்கு, என்னுது மட்டும் ஏன் காயல?"

கேட்டுவிட்டார்.

"வலது பக்கம் மாட்டினேன் சார்."

"அதனால?"

"வலது பக்க ப்ராசஸர் வேலை செய்யல சார்."

நான் தொடர்ந்து பேசினேன். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரியும்.

"திங்கட்கிழமையிலேருந்து வேலை செய்யல சார். கட்டத்தை எண்ணிட்டேன். அறுபத்து நாலு காலி. மரம் இருந்தாலும் காலி, எடுத்தாலும் காலி. அம்பதுன்னா பாதி சக்தி மிச்சம்னு இல்ல சார். பாதி ஆள் உக்காந்திருக்கான்னு அர்த்தம். சீன் மேல தப்பு இல்ல."

ஜெபராஜ் சார் இடது ஃபேன் முன்னால் கையை வைத்தார். பிறகு வலது ஃபேன். பிறகு மறுபடி இடது. ஏகாம்பரமும் வந்து வைத்துப் பார்த்தார்.

"அட, ஆமா சார். இங்க சூடா கீது, இங்க ஜில்லுனு கீது. மேஸ்திரி ரெண்டு பேரை வெச்சிக்கினு ஒருத்தன் பீடி பிடிக்கிற கதையா இல்ல கீது?"

சார் அந்த ஈரச் சாக்ஸை பேண்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

6. ஒரு மிஷினை இரண்டாக நினைத்தோம்

பியூலா உடனே தன் சீட்டுக்குப் போய் இன்டர்நெட்டில் தேடினார். அரை மணி நேரத்தில் காரணம் கிடைத்தது. ப்ராசஸரில் பழுது ஒன்றும் இல்லை. கட்டம் அறுபத்து நான்கைத் தாண்டினால் விண்டோஸ் அவற்றை இரண்டு குழுவாகப் பிரித்துவிடுகிறது. எங்கள் ரெண்டர் சாஃப்ட்வேர் பழைய வெர்ஷன். அது எந்தக் குழுவில் தொடங்குகிறதோ அந்தக் குழுவை மட்டும்தான் பார்க்கும். பக்கத்தில் இன்னொரு குழு இருப்பது அதற்குத் தெரியாது. புது வெர்ஷனில் சரி செய்திருக்கிறார்களாம். ஆனால் அதில் பியூலாவின் சீனைத் திறந்தால் கண்ணாடி எல்லாம் கறுப்பாக வந்தது. அதைச் சரி செய்ய நேரம் இல்லை.

"வேற வழியே இல்லையா?" என்றார் சார்.

இந்த முறை யாரும் என்னைக் கேட்கவில்லை. இருந்தாலும் சொன்னேன். "ஆறு மிஷின் இருந்தப்ப ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஃப்ரேம் பிரிச்சுத்தானே சார் குடுப்போம். இதையும் ரெண்டு மிஷின்னு வெச்சுக்கலாமா?"

பியூலா நிமிர்ந்து பார்த்தார். "அண்ணா, அதேதான். சாஃப்ட்வேரை ரெண்டு தடவை ஓப்பன் பண்ணலாம். ஒண்ணை முதல் ப்ராசஸர்ல கட்டிடலாம், இன்னொண்ணை ரெண்டாவதுல. அதுக்கு கமாண்ட் இருக்கு."

ஒரே ஒரு வரிதான் அந்தக் கமாண்ட். சாஃப்ட்வேரைத் தொடங்கும்போதே எந்த ப்ராசஸரில் ஓட வேண்டும் என்று சொல்லிவிடுவது. ஒற்றைப்படை ஃப்ரேம் எல்லாம் இடது பக்கத்துக்கு, இரட்டைப்படை எல்லாம் வலது பக்கத்துக்கு என்று பிரித்தோம். இரண்டு தடவை திறப்பதால் இருநூறு மரமும் மெமரியில் இரண்டு தடவை ஏறும், அதாவது நானூறு மரம். தாங்குமா என்று பயந்தோம். நூலிழையில் தாங்கியது.

மதியம் இரண்டு மணிக்கு ஓடவிட்டோம். முதல் நிமிடம் வழக்கம்போல. ஆனால் இந்த முறை இரண்டு கட்டம் நிரம்பியிருந்தது. பிறகு நூற்றிருபத்தெட்டும் ஒன்றாக ஏறின. மேலே இருந்த நம்பர் நூறு காட்டியது. ஜெபராஜ் சார் அந்த நம்பரைப் பார்த்துவிட்டு, "ரொம்ப முறுக்கறோமோ?" என்றார். நான் ஏசியைப் பழைய பாயின்டுக்குக் கொண்டுவந்தேன்.

வேகம் சரியாக இரண்டு மடங்கு ஆகவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மெமரிக்கும் ஒரே டிஸ்குக்கும் போட்டி போட்டதால் ஒரு ஃப்ரேமுக்குச் சில விநாடி கூடியது. மணிக்குப் பதினாறுக்குச் சற்றுக் குறைவாக வந்தது. கணக்குப் பார்த்தால் அது போதவில்லை. சனிக்கிழமை மாலைக்குச் சுமார் நூற்றெண்பது ஃப்ரேம் குறையும். ரிசப்ஷனில் இருந்த பழைய மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து, கடைசி நூற்றெண்பது ஃப்ரேமை அதற்குக் கொடுத்தோம். ஒரு ஃப்ரேமுக்கு இருபத்து நான்கு நிமிடம். அதன் பதினாறு கட்டங்களும் ஒன்று விடாமல் நிரம்பியிருந்தன.

வியாழக்கிழமை கரண்ட் இரண்டு முறை போனது. யூபிஎஸ் தாங்கியது. வெள்ளிக்கிழமை ஒரு ஃப்ரேமில் நீச்சல் குளம் கறுப்பாக வந்தது. மறுபடி ஓட்டினேன். சனிக்கிழமை மாலை நான்கே காலுக்குக் கடைசி ஃப்ரேம் முடிந்தது. பியூலா எல்லாவற்றையும் கோத்து, மியூசிக் போட்டு, ஆறரைக்கு பென் டிரைவில் கொடுத்தார். ஏகாம்பரமே வந்து வாங்கிக்கொண்டு போனார். "மரம்லாம் சூப்பரா கீது" என்றார். ஞாயிற்றுக்கிழமை எம்எல்ஏ வரவில்லையாம். படம் ஓடியது.

7. திங்கட்கிழமை

திங்கட்கிழமை பியூலா வேலைக்கு வந்தார். ஜெபராஜ் சார் அவருடைய மேஜைக்குப் போய், அடுத்த படத்தின் ப்ளானை வைத்துவிட்டு, "இதுலயும் மரம் கேட்கறாங்கம்மா" என்று மட்டும் சொன்னார். மன்னிப்புக் கேட்பது அவருக்கு வராது. எனக்குப் பேச்சைத் தொடங்க வராதது போல அவருக்கு அது.

பதினொரு மணிக்கு பியூலா ரெண்டர் அறைக்கு வந்தார். கையில் இரண்டு டீ. ஒன்றை எனக்குக் கொடுத்தார். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேங்க்ஸ் அண்ணா. நீங்க சொல்லலைன்னா இன்னிக்கு வீட்லதான் இருந்திருப்பேன்."

நான் தலையாட்டினேன்.

"வலது பக்கம் ஓடலைன்னு உங்களுக்கு எப்ப அண்ணா தெரிஞ்சது?"

கேட்டால் பதில் சொல்வேன் என்று முன்பே சொன்னேன். "திங்கட்கிழமை. பன்னெண்டரை மணிக்கு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். திங்கள் பன்னிரண்டரைக்கும் புதன் பன்னிரண்டுக்கும் நடுவே எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. நடுவே செவ்வாய்க்கிழமை இருந்தது.

"ஓ" என்றார். டீயைக் குடித்து முடித்தார். காலி கப்பை எடுத்துக்கொண்டு தன் சீட்டுக்குப் போனார். அதன் பிறகும் என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறார். அந்தக் கேள்வியை மட்டும் மறுபடி கேட்கவில்லை.

ரெண்டர் அறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மிஷினில் எத்தனை ப்ராசஸர் இருக்கிறது என்று அட்டைப் பெட்டியில் எழுதியிருக்கும். அதில் எத்தனை வேலை செய்கிறது என்று எங்கும் எழுதியிருக்காது. கட்டங்களை நீங்கள்தான் எண்ண வேண்டும். காலியாக ஒன்று இருந்தாலும், பார்த்த அன்றே போய்ச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் சொல்லாத நேரத்தில் அந்தப் பழி வேறு யார் மேலாவது விழுந்துகொண்டிருக்கும்.

நானும் இப்போது சொல்லிவிடுகிறேன். முதல் தடவை சொல்லும்போது குரல் சரியாக வெளியே வருவதில்லை. அதனால் இரண்டு தடவை சொல்கிறேன்.